ரைஸ் குக்கரில் கறுப்பு பீன்ஸ்: வாடகை அறையிலும் வேகும்

கோலாலம்பூரில் வாடகைக்கு அறை தேடியவர்களுக்கு இந்த நிபந்தனை அத்துப்படி: “அடுப்பு வைக்கக் கூடாது. ரைஸ் குக்கர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.” பிரிக்ஃபீல்ட்ஸ் ஆனாலும் செந்தூல் ஆனாலும் பேச்சு பெரும்பாலும் இங்கே வந்துதான் நிற்கும். அப்புறம் மாதக்கணக்கில் சோறும் முட்டையும் மேகியுமாக ஓடும். அதே குக்கரில் பயறு வகைகளும் வேகும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றியவர்களும் ஒருமுறை பொங்கி வழிந்து மேசையெல்லாம் கறுப்புத் தண்ணீர் ஆனதும் கைவிட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் பிரஷர் குக்கரும் கேஸ் அடுப்பும் இருந்தால் அதிலேயே செய்யுங்கள். ஊறிய பீன்ஸ் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ரைஸ் குக்கர் அந்த வேகத்துக்கு வராது. அடுப்பு இல்லாதவர்களுக்கும், அடுப்பில் வேறு வேலை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கும்தான் இந்த முறை.

எந்தக் கறுப்பு பீன்ஸ்

கடையில் ‘கறுப்பு’ என்று கேட்டால் நான்கு விதமான சாமான் கைக்கு வரும். வேகும் நேரம் ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால் முதலில் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த வழிகாட்டி பேசுவது மெக்சிகோ, பிரேசில் சமையலில் வரும் கறுப்பு பீன்ஸைப் பற்றி. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று சிறியது, நீள்வட்டம், பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு சிறு கண். உடைத்தால் உள்ளே பால் வெள்ளை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஆர்கானிக் பொருள்கள் இருக்கும் தட்டில் தேடுங்கள்.

சீனர் மளிகைக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பது பெரும்பாலும் கறுப்பு சோயா. ஊறுவதற்கு முன் கிட்டத்தட்ட உருண்டையாக இருக்கும். உடைத்தால் உள்ளே மஞ்சள் அல்லது பச்சை. இதையும் இதே முறையில் வேகவைக்கலாம், ஆனால் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வெந்தாலும் இது மாவாக மசியாது, கொஞ்சம் கடிபட்டுத்தான் இருக்கும். சூப்புக்கு அருமை, மசியலுக்கு ஆகாது.

மூன்றாவது நம்முடைய தோல் உளுந்து. அது மிகச் சிறியது, யாரும் குழம்ப மாட்டார்கள். நான்காவது, சின்ன பாக்கெட்டில் சுருங்கி, ஈரமாக, உப்பு வாசனையோடு இருக்கும் தாவ்சீ. அது புளிக்கவைத்த சோயா. மீனுக்கும் கோழிக்கும் ஒரு கரண்டி போடுகிற சாமான். அதை ஊறவைத்து வேகவைக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

வாங்கும்போது பாக்கெட்டின் தேதியைப் பாருங்கள். சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பீன்ஸ் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும். நம் ஊர்த் தட்பவெப்பம் அதற்கென்றே அமைந்தது. தோல் சுருங்கியது, விரிசல் விட்டது, மங்கி வெளுத்தது என்றால் வேண்டாம். வாங்கியதையும் அறையில் திறந்து வைக்காமல், மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, முடிந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

குக்கருக்கு என்ன தெரியும்

உள்பானையைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். சூடேற்றும் தட்டின் நடுவில் காசு அளவுக்கு ஒரு வட்டம், விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் போல் இறங்கி ஏறும். ஒற்றை சுவிட்ச் வைத்த சாதாரணக் குக்கரின் மூளை அதுதான். அதன் உள்ளே ஒரு காந்தம். பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதி 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென்று ஏறும். 100-ஐத் தாண்டிச் சில டிகிரி போனதும் காந்தம் பிடிப்பை விடும், சுவிட்ச் ‘டக்’ என்று வார்முக்கு, அதாவது சூடாக மட்டும் வைத்திருக்கும் நிலைக்குத் தாவும். 1955-இல் ஜப்பானில் தோஷிபா முதல் தானியங்கி ரைஸ் குக்கரை விற்கத் தொடங்கியது. தண்ணீர் வற்றியதும் தானே அணைய வேண்டும் என்ற யோசனை அன்றிலிருந்து மாறவில்லை.

பீன்ஸ் நிறையத் தண்ணீரில் வேகும் சாமான். ஆகவே குக்கர் தானாக நிற்காது, வற்றும்வரை முழு வேகத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும். நேரம் பார்ப்பது உங்கள் வேலை. இதற்குத் தீயைக் குறைக்கவும் தெரியாது. 700 வாட் குக்கர் ஒரு மணி நேரத்தில் முக்கால் லிட்டர் தண்ணீர் வரைக்கும் ஆவியாக்கிவிடும். பீன்ஸை வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம். கடைக்குப் போகக் கூடாது.

வார்மில் வேகவைக்காதீர்கள்

இரவில் வார்மில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் மெத்தென்று இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யக் கூடாது.

கறுப்பு பீன்ஸும் சிவப்பு ராஜ்மாவும் ஒரே இனம். இந்த இனத்தின் பச்சை விதையில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் (நச்சாக வேலை செய்யும் ஒரு வகைப் புரதம்) இருக்கிறது. ராஜ்மாவில் அதிகம், கறுப்பில் குறைவு, இல்லாமல் இல்லை. சரியாக வேகாத ராஜ்மா நான்கைந்து விதை வயிற்றுக்குள் போனாலே ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். முழுக் கொதியில் பத்து நிமிடம் கிடந்தால் இந்த நச்சு அழிந்துவிடும். பாதுகாப்புக்காக 30 நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். நானும் 30 நிமிடக் கட்சிதான்.

கொதிக்காமல் 80 டிகிரிச் சூட்டிலேயே கிடந்தால் நச்சு குறைவதற்குப் பதில் பச்சை விதையில் இருந்ததைவிடக் கூடலாம். ரைஸ் குக்கரின் வார்ம் அதற்கும் கீழே, 65 முதல் 70 டிகிரிதான். பீன்ஸ் மெத்தென்று ஆனாலும் நச்சு போயிருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. முதலில் முழுக் கொதி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

ஊறவைப்பது

1.8 லிட்டர் குக்கருக்கு (அது அரிசிக் கணக்கு, பானை அதைவிடப் பெரியது) 300 கிராம் பீன்ஸ் சரியான அளவு. குக்கரோடு வரும் 180 மில்லி கப்பில் இரண்டு கப். சின்னக் குக்கர் என்றால் ஒரு கப் போதும்.

வெள்ளைத் தட்டில் பரப்பிக் கல், மண் கட்டி, உடைசல் பொறுக்குங்கள். கறுப்பு பீன்ஸுக்குள் கறுப்புக் கல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் துழாவினால்தான் அகப்படும். இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிவிட்டு, பீன்ஸைப் போல் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றுங்கள். லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் உப்பும் போடுங்கள்.

உப்பு போட்டால் பயறு வேகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். ஊறும் தண்ணீரில் போடும் உப்பு உண்மையில் உதவி செய்கிறது. தோலை விறைப்பாக வைத்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் இடத்தில் சோடியம் போய் உட்காருவதால் தோல் இளகும், வேகும்போது வெடிப்பதும் குறையும். வேகாமல் தடுப்பது புளிப்புதான். புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் வெந்த பிறகே சேருங்கள்.

எட்டு மணி நேரம் ஊறினால் போதும். இரவு படுக்கும்முன் போட்டால் காலையில் தயார். ஆனால் வேலைக்குப் போகும் முன் போட்டுவிட்டு, நெரிசலில் மாட்டி இரவு எட்டு மணிக்கு வருகிறீர்கள் என்றால் பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போங்கள். 30 டிகிரிக்கு மேல் அடிக்கும் அறையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால் தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும். மாவு புளிப்பது இட்லிக்கு நல்லது, பீன்ஸுக்கு வேண்டாம்.

ஊறவைக்க மறந்துவிட்டதா? குக்கரிலேயே கழுவிய பீன்ஸும் தண்ணீரும் போட்டுக் கொதிக்க விடுங்கள். கொதி வந்து மூன்று நிமிடம் ஆனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியோடு ஒரு மணி நேரம் விடுங்கள். எட்டு மணி நேர ஊறலுக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன், முக்கால்வாசி வேலை முடியும்.

எந்த வழியில் ஊறினாலும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நிறம் போகிறதே என்று வருத்தம் வரும். கத்தரிப்பூ நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகளில் ஒரு பங்கும் லெக்டினில் கொஞ்சமும் அதில்தான் இறங்கியிருக்கும். நிறம் வேகும்போது மறுபடியும் இறங்கும்.

வேகவைப்பது

உள்பானையின் அடியைத் துணியால் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள். நடுவட்டத்தில் பழைய சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு பருக்கை இருந்தாலும் பானை சரியாகப் படியாமல் சூட்டைத் தப்பாக உணரும்.

ஊறிய பீன்ஸைப் போட்டு ஒன்றரை லிட்டர் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். பீன்ஸுக்கு மேல் இரண்டு விரல் அகலம் தண்ணீர் நிற்க வேண்டும். எல்லாம் சேர்ந்து பானையின் பாதியைத் தாண்டக் கூடாது. பாதிக்கு மேல் போனால் பொங்குவது நிச்சயம். ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை கொஞ்சம் அடங்கும். நசுக்கிய பூண்டு நான்கு பல், ஒரு துண்டு இஞ்சி, ஒரு சிட்டிகை பெருங்காயம் இப்போதே போடலாம்.

குக்கரை வைக்கும் இடமும் முக்கியம். கொண்டோமினியச் சமையலறையில் தொங்கும் அலமாரிக்கு நேர் கீழே வைத்தால் ஒன்றரை மணி நேர ஆவியில் பலகை உப்பிவிடும், அப்புறம் வைப்புத்தொகை பற்றி வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தைதான். ஜன்னல் ஓரமாக வையுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் கெட்டிலையும் குக்கரையும் சேர்த்துச் செருகாதீர்கள்.

குக் சுவிட்சை அழுத்துங்கள். தண்ணீர் கொதிக்கக் கால் மணி நேரம் ஆகும். மூடியின் துளையில் ஆவி அடிக்கத் தொடங்கியதும் மூடியைத் திறந்து, ஒரு மரக்கரண்டியைப் பானையின் குறுக்கே வைத்து, அதன்மேல் மூடியைச் சாய்வாக வையுங்கள். நுரை துளையை அடைத்துத் தள்ளிக்கொண்டு வழிவது இதனால் நிற்கும். சாம்பல் நிறத்தில் மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடலாம். எடுக்காவிட்டாலும் கெடுதல் இல்லை, வழியும், அவ்வளவுதான்.

இங்கிருந்து 30 நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள். மேற்பரப்பு முழுக்க குமிழி புரண்டுகொண்டே இருக்க வேண்டும். இடையில் ஓரிரு முறை அடியோடு கிளறுங்கள். மாவுச்சத்து அடியில் படிந்தால் அந்த இடம் மட்டும் சூடேறி, தண்ணீர் நிறைய இருக்கும்போதே சுவிட்ச் வார்முக்குத் தாவிவிடும். தாவிவிட்டால் உடனே அழுத்தினாலும் நிற்காது. பானையைத் தூக்கி ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு மறுபடி அழுத்துங்கள். கரண்டிக் காம்பையோ மடித்த அட்டையையோ சுவிட்சில் செருகி அழுத்திப் பிடிக்கும் ‘டெக்னிக்’ ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். அப்புறம் தீப்பிடிக்காமல் காப்பாற்ற உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஃபியூஸ் மட்டும்தான் மிச்சம்.

30 நிமிடம் முடிந்ததும் வேலை இலகுவாகும். இனி முழுக் கொதி அவசியமில்லை, சூட்டில் இருந்தாலே இளகும். பத்து நிமிடம் வார்ம், பத்து நிமிடம் குக் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். வார்மில் இருக்கும்போது மூடியை முழுசாக மூடிவிடுங்கள். தண்ணீரும் மிச்சம், தோலும் குழையாது. தண்ணீர் பீன்ஸின் மட்டத்துக்கு இறங்கினால் கெட்டிலிலிருந்து கொதிநீர் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபடி சூடேறும்வரை வேகுவது நின்றுவிடும்.

நன்றாக ஊறிய புது பீன்ஸ் என்றால், கொதி வந்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் இடையில் முடியும். ஊறாதது இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். பார்ப்பதற்கு ஒரே விதையை எடுக்காதீர்கள். வெவ்வேறு இடத்திலிருந்து ஐந்து விதை எடுத்து, கட்டை விரல் நகத்தால் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் சுண்ணாம்பு போல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஆகவில்லை. முழுக்க ஒரே சாம்பல் கலந்த வெண்மையாக இருந்து, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தும்போது பல் படாமலே மசிந்தால் சரி. ஐந்தில் ஒன்று மக்கர் செய்தாலும் இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள்.

ருசிக்கு வேண்டிய உப்பை இப்போது போட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் தண்ணீரிலேயே அரை மணி நேரம் விடுங்கள். வெந்ததும் வடித்துக் காற்றில் வைத்தால் தோல் சுருண்டு வெடித்துவிடும்.

டிஜிட்டல் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு

பட்டன் நிறைய இருக்கும், வேண்டியது இரண்டு. முதல் 30 நிமிடத்துக்கு சூப் அல்லது ஸ்டீம், இல்லாவிட்டால் குயிக் குக். அடுத்த கட்டத்துக்குக் கஞ்சி புரோகிராம். கஞ்சியில் மட்டும் தொடங்காதீர்கள், சில மாடல்களில் அது லேசாகத்தான் சூடாக்கும். பட்டனில் என்ன எழுதியிருந்தாலும் மூடியைத் திறந்து குமிழி புரள்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மூடி பூட்டிக்கொள்ளும் மாடல் என்றால் பீன்ஸும் தண்ணீரும் சேர்ந்து பானையின் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள்.

இரண்டு மணி நேரம் ஆகியும் கல்லாகவே இருந்தால்

பீன்ஸ் பழையது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் இளகும். நிறம் நீலம் கலந்து மங்கும், அதிகமானால் சோப்பு வாடை அடிக்கும். உள்பானை பூச்சில்லாத வெறும் அலுமினியம் என்றால் சோடாவைத் தவிர்ப்பது நல்லது. அதற்கும் இளகவில்லை என்றால் போராடாதீர்கள். மின்சாரம் ஒரு யூனிட்டுக்குள் முடிய வேண்டிய வேலை அது.

வெந்ததை என்ன செய்வது

அடுப்பு இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ, சுண்டல். ரைஸ் குக்கரிலேயே தாளிக்கலாமே என்றால், எண்ணெய் காய்ந்ததும் தண்ணீர் வற்றிவிட்டது என்று நினைத்து சுவிட்ச் தாவிவிடும். கடுகு வெடிப்பதற்குள் பொறுமை வெடித்துவிடும்.

அடுப்பில்லாதவர்களுக்கு நான் சொல்வது கெராபு, அதாவது மலாய் பாணி சாலட். ஆறிய பீன்ஸ் இரண்டு கப், மெல்லிசாக அரிந்த சின்ன வெங்காயம் ஐந்து, சிவப்பு மிளகாய் ஒன்று, காரம் தாங்குமானால் சிலி பாடி (குட்டிக் கார மிளகாய்) இரண்டு, லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) நான்கு பிழிந்த சாறு, உப்பு, கிள்ளிப் போட்ட புதினா. கடைசியில் கெரிசிக் இரண்டு மேசைக்கரண்டி. வறுத்து அரைத்த தேங்காய்தான் கெரிசிக், பாக்கெட்டாகவே கடையில் கிடைக்கும்; தாளிப்பு இல்லாத குறையை அது தீர்த்துவிடும். சாறு பட்டதும் பீன்ஸின் கருமை சிவப்பாகத் திரும்பும். தோலில் இருக்கும் நிறமி புளிப்புக்கு அப்படித்தான் மாறும், கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சூடான சோற்றுக்கும் பொரித்த நெத்திலிக்கும் நன்றாகச் சேரும்.

இனிப்பு வேண்டுமென்றால் குக்கரிலேயே முடியும். வெந்த பீன்ஸ் இரண்டு கப், அதன் தண்ணீர் மூன்று கப், முடிச்சுப் போட்ட பாண்டான் இலை இரண்டு, நொறுக்கிய குலா மெலாகா வெல்லம் 100 கிராம். குக்கில் வைத்து வெல்லம் கரைந்து கொதி வந்ததும் 200 மில்லி சந்தான் (தேங்காய்ப்பால்), சிட்டிகை உப்பு. சந்தான் ஊற்றிய பிறகு ஓரத்தில் குமிழி வந்ததுமே அணைத்துவிடுங்கள், நின்று கொதித்தால் திரிந்துவிடும். பச்சைப்பயற்று பூபூர் என்ற இனிப்புக் கஞ்சியைவிட இது கனமானது. மழை பெய்யும் மாலைக்குச் சரி, மத்தியானத்துக்கு வேண்டாம்.

மிஞ்சிய கறுப்புத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அடுத்த வேளைச் சோற்றுக்குப் பாதித் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றினால் சோறு இளம் ஊதாவாக வரும்.

மிச்சத்தை வைப்பது

300 கிராம் காய்ந்த பீன்ஸ் வெந்தால் 700 கிராம் அளவுக்கு வரும், ஒருவருக்கு மூன்று நான்கு வேளை. வெந்து இரண்டு மணி நேரத்துக்குள் சின்ன டப்பாக்களில் பிரித்து, பீன்ஸ் மூழ்கும் அளவு அதன் தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வடித்து, பிளாஸ்டிக் பையில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் படுக்க வையுங்கள். வேண்டும்போது உடைத்து எடுக்கலாம். பங்கு ஃபிரிட்ஜ் என்றால் டப்பாவில் பெயரும் தேதியும் எழுதுங்கள். கறுப்பாகக் கிடப்பதைக் கெட்டுப்போனது என்று நினைத்து யாராவது எறிந்துவிடுவார்கள்.

பானையை அன்றைக்கே கழுவுங்கள். பூச்சுப் பானைக்கு மெத்தென்ற ஸ்பாஞ்ச் போதும். வெறும் அலுமினியப் பானை கறுத்திருந்தால் அசாம் கெப்பிங் (காயவைத்த புளிப்புப் பழம்) இரண்டு துண்டு போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டால் பெருமளவு வெளுக்கும். மூடியின் உள்பக்க ரப்பர் வளையத்தையும் ஆவித்துளையையும் தனியாகக் கழற்றித் தேய்க்காவிட்டால் மறுநாள் சோற்றில் பூண்டு மணக்கும்.